உலகைக் காத்தவர் வீட்டைக் கவனித்தாரா?

கார்ட்டூன் படம் ஒன்றைப் பற்றி இத்தனை பக்கம் எழுத வேண்டுமா என்று உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகளைச் சற்று நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்கிறதா, அது போதும் என்பதுதான் இத்தகைய படங்களைப் பற்றிப் பெரும்பாலோர் போட்டு வைத்திருக்கும் கணக்கு. நான் சொல்லப் போகிற படத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்குச் செல்லாது. ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தின் தீவிர ரசிகன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்பது என் வீட்டாருக்குத்தான் தெரியும். அவர்கள் சலித்துக்கொள்ளும் விதத்திலிருந்து அந்த எண்ணிக்கை சிறிதன்று என ஊகிக்கிறேன். எனவே துலாக்கோல் பிடித்து நிறுத்த விமர்சனத்தை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

2004ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான படம் இது. 115 நிமிடம் ஓடுகிறது. கணினியால் உயிரூட்டிப் படமெடுக்கும் பிக்ஸார் நிறுவனத்தின் 6ஆவது முழுநீளப் படம். அதுவரை பொம்மைகளையும் எறும்புகளையும் மீன்களையும் பேச வைத்துப் புகழ்பெற்ற அந்நிறுவனம், மனிதர்களை மட்டுமே பாத்திரங்களாக்கி எடுத்த முதல் படமும் இதுதான். எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட். 2005ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த அனிமேஷன் படம், சிறந்த ஒலித்தொகுப்பு என இரு விருதுகளை இப்படம் பெற்றது. விருதுகளை இத்தோடு விட்டுவிடுவோம். அவற்றுக்காக யாரும் ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்லை.

கதை இதுதான். அதிசய ஆற்றல் படைத்த வீரர்கள் முகமூடி அணிந்து நகரைக் காத்துவந்த காலம் ஒன்று இருந்தது. அவர்களுள் முதல்வர் மிஸ்டர் இன்க்ரெடிபிள். ஓடும் ரயிலைக் கைகளால் நிறுத்தக்கூடியவர். ஆனால் ஒருநாள், மாடியிலிருந்து குதித்து உயிர்விட முயன்ற ஒருவரைக் காப்பாற்றப்போக, ‘என்னைக் காப்பாற்றும்படி நான் கேட்டேனா?’ என்று அவர் வழக்குத் தொடுத்துவிடுகிறார். ரயிலில் காயமுற்றவர்களும் நீதிமன்றம் ஏறுகிறார்கள். வழக்குக்கு மேல் வழக்கு; இழப்பீட்டுக்கு மேல் இழப்பீடு. இறுதியில் அரசாங்கம் வீரர்கள் அனைவரையும் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் குடிமக்களாக மறைந்து வாழும்படி பணித்துவிடுகிறது. வீரர்களை வீழ்த்துவது அரக்கனோ வெடிகுண்டோ அன்று, வக்கீல் நோட்டீஸ்! படம் தொடங்கிய கால் மணி நேரத்திற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

15 ஆண்டுகள் கழிகின்றன. இப்போது அவர் பெயர் பாப் பார். தொப்பை விழுந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சிறிய மேசைக்குப் பின்னால் முடங்கி உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் அளவே உயரமுள்ள மேலதிகாரியிடம் வசவு வாங்குகிறார். வீட்டில் மனைவி ஹெலன். அவரும் முன்னாள் வீராங்கனை. உடலை ரப்பர் போல எவ்வளவு தூரமும் நீட்ட வல்லவர். மகள் வயலெட், மகன் டேஷ், கைக்குழந்தை ஜாக்-ஜாக்.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட மூதாட்டி ஒருவர் பாப் முன்னால் அமர்ந்திருக்கிறார். நிறுவனத்தின் கட்டளைப்படி ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவர், குரலைத் தாழ்த்தி, எந்தப் படிவத்தை எந்த மாடிக்கு எடுத்துச் செல்ல வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகக் கூறிவிட்டு, பிறகு வெளியே கேட்கும்படி, ‘வருந்துகிறேன் அம்மா, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது’ என்று உரக்கச் சொல்கிறார். மூதாட்டியும் அதற்கேற்ப அழுவது போல் பாவனை செய்து வெளியேறுகிறார். ரயிலை நிறுத்திய காட்சியைவிட இந்தக் காட்சியில்தான் அவர் எனக்குப் பெரிய வீரராகத் தெரிகிறார். வேடிக்கை என்னவென்றால், அது அவருக்கே தெரியவில்லை. தாம் வீணாகிக் கொண்டிருப்பதாகவே புழுங்குகிறார்.

சாப்பாட்டு மேசை

இப்படத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இரவு உணவுக் காட்சியைத்தான். சண்டைக் காட்சிகளைப் புகழ்வோர் புகழட்டும். எல்லா வீடுகளிலும் நடப்பதை இத்தனை நகைச்சுவையோடு, இத்தனை உண்மையோடு காட்டிய காட்சியை நான் வேறெந்தக் கார்ட்டூனிலும் கண்டதில்லை.

மேசையைச் சுற்றிக் குடும்பம் அமர்ந்திருக்கிறது. ஆசிரியரின் நாற்காலியில் குண்டூசி வைத்ததற்காக டேஷ் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்ட செய்தியைத் தாய் சொல்கிறார். தந்தை காதில் பாதிதான் விழுகிறது. ஆசிரியரின் கண்ணிலும் காமிராவிலும் படாத வேகத்தில் மகன் அதைச் செய்தான் என்று அறிந்ததும், கண்டிப்பதற்குப் பதிலாக, ‘எவ்வளவு வேகத்தில் ஓடினாய்?’ என்று ஆவலோடு கேட்கிறார். மகனுக்கு இறைச்சியை வெட்டித் தரச் சொன்னால், நினைவு எங்கோ இருக்க, தட்டையும் சேர்த்து வெட்டிவிடுகிறார். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார். அக்காளும் தம்பியும் கைகலக்கிறார்கள். அவள் மறைகிறாள், அவன் சுற்றிச் சுற்றி ஓடுகிறான், தாய் இரு கைகளையும் நீட்டி இருவரையும் பிடித்துக்கொண்டு, ‘நீங்களும் வந்து ஏதாவது செய்யுங்கள்!’ என்று கணவரை நோக்கிக் கூவுகிறார். அவரும் செய்கிறார். எல்லாரும் தொங்கிக்கொண்டிருக்க, மேசையை அப்படியே தலைக்கு மேல் தூக்கிவிடுகிறார்!

அந்நேரம் வாசல் மணி அடிக்கிறது. ஒரு கணத்தில் எல்லாரும் அவரவர் நாற்காலியில் அடக்கமாக அமர்ந்து உணவருந்திக் கொண்டிருக்கிறார்கள். வாசகர்களே, விருந்தாளி வந்ததும் நம் வீட்டில் நடப்பது இதுவேயல்லவா? இக்காட்சியை முதன்முறை பார்த்தபோது என் மகள் கேட்ட கேள்வி: “அத்தா, அவர் ஏன் பேப்பரைக் கீழேயே வைக்க மாட்டேங்கிறார்?” அப்போது என் கையிலும் ஒரு செய்தித்தாள் இருந்தது என்பதோடு அப்பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் வாய்த்திருக்கும் ஆற்றலைக் கவனியுங்கள். வீட்டைத் தாங்க வேண்டிய தந்தைக்கு வலிமை. ஒரே வேளையில் பத்துத் திசையில் இழுபடும் தாய்க்கு நீளும் உடல். பிறர் கண்ணில் படவே கூசுகிற பதின்வயதுப் பெண்ணுக்கு மறையும் ஆற்றல். தன்னைச் சுற்றி அரண் எழுப்பிக்கொள்ளும் ஆற்றலும் அவளுக்கு உண்டு. ஓரிடத்தில் நில்லாத பத்து வயதுப் பையனுக்கு வேகம். என்ன ஆகுமென்று எவருக்கும் தெரியாத குழந்தைக்கு, என்னவென்று எவருக்கும் தெரியாத ஆற்றல். தொழிலையும் குடும்பத்தையும் ஒருசேரக் காப்பாற்ற இயலுமா என்ற தம் சொந்தத் தவிப்பிலிருந்து பிறந்த கதை இது என்று இயக்குநர் பேர்ட் கூறியிருக்கிறார். 1999ஆம் ஆண்டு அவர் எடுத்த ‘தி அயர்ன் ஜயண்ட்’ விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் வசூலில் தோற்ற படம். அந்தத் தோல்விக்குப் பின் எடுத்ததில் இத்தகைய தந்தை ஒருவர் வந்து நிற்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

பொய்யும் அதன் விலையும்

வாரம் ஓர் இரவு பந்து விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, பாப் தம் பழைய தோழர் லூசியஸுடன் காரில் அமர்ந்து போலீஸ் வானொலியை ஒட்டுக் கேட்கிறார். எங்கேனும் தீப்பற்றினால் ஓடிச்சென்று காப்பாற்றலாம் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் மேற்சட்டையில் ஒட்டியிருந்த இடிபாட்டுத் தூள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நள்ளிரவில் கணவன் மனைவி சச்சரவு. மகனின் பள்ளி விழா ஒன்றைப் பொருட்படுத்தாமல் பேசுகிறார் கணவர். ‘உங்கள் பிள்ளைகள் வளர்வதைவிட உங்கள் பழம்பெருமை பெரிதா?’ என்னும் கேள்வி அவ்வறையில் தொங்கி நிற்கிறது. பிள்ளைகள் இருவரும் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த என் பிள்ளைகள் இருவரும் அந்த இடத்தில் ஓசையற்றுப் போனார்கள். கார்ட்டூன் படத்தில் கணவன் மனைவி இப்படி உண்மையாகச் சண்டையிடுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும்.

பிறகு பாப் வேலையை இழக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. மர்மமான ஓர் அழைப்பு வருகிறது. தீவு ஒன்றில் கட்டுமீறிய இயந்திர மனிதனை அடக்க வேண்டும், கைநிறையப் பணம். அலுவலகப் பயணம் என்று மனைவியிடம் பொய் சொல்லிப் புறப்படுகிறார். உடல் இளைக்கிறது, முகம் மலர்கிறது, புதுக் கார் வருகிறது. மனைவிக்கோ முதலில் மகிழ்ச்சி, பிறகு ஐயம். அந்தத் தீவு ஒரு பொறி. அதை வைத்தவன், சிறுவனாக இருந்தபோது இவருக்குத் துணைவீரனாகச் சேர ஆசைப்பட்டு வந்த பட்டி. ‘நான் தனியாகவே பணிபுரிபவன்’ என்று சொல்லி இவர் விரட்டிய பிள்ளை, சிண்ட்ரோம் என்னும் பெயரோடு பெரும் பணக்காரனாகி, பழைய வீரர்களை ஒவ்வொருவராக வரவழைத்துக் கொன்றிருக்கிறான்.

‘தனியாகவே’ என்னும் அச்சொல்லைப் படம் நெடுகப் பின்தொடர்ந்து செல்லுங்கள். திருமண நாளன்றே பாப்பிடம், கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் ஹெலன். ரப்பர் போல வளையும் பெண் சொல்வதால் சிரிக்கிறோம். அவர் சொன்னதைக் கணவர் புரிந்துகொள்ள 15 ஆண்டும், ஏறக்குறைய ஒரு குடும்பத்தின் உயிரும் தேவைப்படுகின்றன.

கணவரைத் தேடி விமானம் ஓட்டிச் செல்கிறார் ஹெலன். மகளும் மகனும் அவருக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஏவுகணைகள் பாய்ந்து வருகின்றன. வானொலியில், ‘குழந்தைகள் இருக்கிறார்கள்!’ என்று தாய் மன்றாடுகிறார். மகளைப் பார்த்து, விமானத்தைச் சுற்றி அரண் எழுப்பும்படி கத்துகிறார். அவளால் முடியவில்லை. அத்தனை பெரியதை அவள் ஒருபோதும் முயன்றதில்லை; ஆற்றலை வெளிக்காட்டாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்ணல்லவா? விமானம் சிதறும் நொடியில் தாய் தம் உடலையே பிள்ளைகளைச் சுற்றிப் போர்த்துகிறார். பின்னர் குகையில், நெருப்பின் ஒளியில், குற்ற உணர்ச்சியோடு அமர்ந்திருக்கும் மகளிடம் அந்தத் தாய் மன்னிப்புக் கேட்கிறார். இதுநாள் வரை ஆற்றலை மறைக்கச் சொல்லிவிட்டு, திடீரென்று அதையே உன்னிடம் கேட்டது நியாயமன்று என்கிறார். பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சிகள் திரைப்படங்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதிலும், தம் மதிப்பு குறைந்துவிடாமல், நிமிர்ந்த முகத்தோடு கேட்கும் தாய் எத்தனை பேர்?

தந்தையின் முறையும் வருகிறது. நால்வரும் சிறைப்பட்டுக் கிடக்கையில் அவர் மனம் திறக்கிறார்: பிறர் என்னை மதிக்கவில்லை என்றே ஏங்கிக்கொண்டிருந்து உங்களை மதிக்கத் தவறினேன், என் மிகப்பெரிய சாகசம் நீங்கள்தாம், அதைக் கிட்டத்தட்டத் தவறவிட இருந்தேன் என்கிறார். உருக்கமான பேச்சு. ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் சத்தமின்றித் தன் கட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கிவிடுகிறாள். அப்பா நல்ல முன்னேற்றம் அடைந்திருக்கிறார், ஆனால் நாம் கிளம்பலாமே என்கிற பாணியில் அவள் குறுக்கிட, கண்ணீர் சிரிப்பாகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலான வசனம் இறுதிச் சண்டைக்குச் சற்று முன் வருகிறது. ‘நீங்கள் இங்கேயே இருங்கள், நான் தனியாகப் போகிறேன்’ என்கிறார் பாப். இன்னும் திருந்தவில்லையா என்று ஹெலன் சீறுகிறார். அப்போதுதான் அவர் வாயிலிருந்து உண்மை வருகிறது: உங்களை இன்னொரு முறை இழந்தால் தாங்கும் வலிமை எனக்கில்லை. ரயிலை நிறுத்தியவர் சொல்கிறார், தமக்கு வலிமை போதாது என்று! சேர்ந்து நின்றால் அந்த வலிமை உங்களுக்குத் தேவைப்படாது என்கிறார் மனைவி. இந்த இரு வரிகளுக்காகவே இப்படத்தை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன் என்றால் மிகையன்று.

ஒரு மறுப்பு

இப்படத்தின் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. பிறவியிலேயே சிறந்தவர்கள் சிலர், மற்றவர்கள் அவர்களுக்கு வழிவிட வேண்டும் என்னும் செருக்கை இது போதிக்கிறது என்பார்கள். ‘எல்லாரும் தனிச்சிறப்புடையவர்களே’ என்று தாய் சொல்ல, ‘அப்படியானால் ஒருவருமே இல்லை என்றுதான் பொருள்’ என்று முணுமுணுக்கிறான் டேஷ். இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

அவர்கள் மறந்துவிடுவது ஒன்று. ஏறத்தாழ அதே வரி பிற்பகுதியில் வில்லன் வாயில் வருகிறது. தன் கருவிகளை எல்லாருக்கும் விற்றுவிடுவேன், எல்லாரும் சூப்பர் ஹீரோக்கள் ஆகும்போது ஒருவருமே சூப்பர் ஹீரோ அல்லர் என்று அவன் கொக்கரிக்கிறான். பையன் வாயில் அது மனக்குறை. வில்லன் வாயில் அது வஞ்சம். ஒரே எண்ணம் எங்கே போய் முடியக்கூடும் என்பதைப் படமே காட்டிவிடுகிறது. மேலும் சிண்ட்ரோம் திறமையற்றவனா? சிறுவனாக இருக்கும்போதே பறக்கும் காலணி செய்தவன்! அறிவில் அவனுக்குக் குறைவில்லை. தான் அனுப்பிய இயந்திரத்தைத் தானே அடக்குவது போல் நடித்துக் கைத்தட்டல் வாங்க நினைப்பதுதான் அவன் நோய். பாப் அவனிடம், அன்று உன்னை அப்படி நடத்தியது என் தவறு என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். தன் நாயகனிடமும் குற்றத்தில் ஒரு பங்கை வைக்கும் படத்தைச் செருக்குப் பிடித்த படம் என்று எப்படிச் சொல்வது?

வில்லனிடம் பணிபுரியும் மிராஜ் என்னும் பெண் சொல்வதையும் இங்கே நினைவுகூர்கிறேன். குடும்பத்தைப் பறிகொடுத்ததாக நம்பிய வேதனையிலும் பாப் அவளைக் கொல்லாமல் விட்டுவிடுகிறார். அதைக் கோழைத்தனம் என்று சிண்ட்ரோம் எள்ளுகிறான். உயிரை மதிப்பது பலவீனமாகாது என்று அவனுக்கு விடை தருகிறாள் அவள்.

இனித் தொழில்நுட்பம். கணினியில் மனித உருவத்தைச் செய்வது அக்காலத்தில் பெரும்பாடு. துணி மடிப்பும் தசை அசைவும் போதாதென்று, முகத்தை மறைத்து விழும் வயலெட்டின் நீண்ட கூந்தல் கலைஞர்களை மிகவும் வருத்தியது. நனைந்த கூந்தல் வேறு, காற்றில் பறக்கும் கூந்தல் வேறு அல்லவா! மைக்கேல் ஜியாச்சினோவின் இசையில் 1960களின் உளவாளிப் படங்களின் மணம் வீசுகிறது. வீரர்களுக்கு உடை தைக்கும் குள்ளப் பெண்மணி எட்னா வரும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். தோளிலிருந்து தொங்கும் மேலங்கி கூடவே கூடாது என்று, அதனால் உயிரிழந்த வீரர்களின் பட்டியலையே அவர் அடுக்குவார். அதைச் சிரித்துவிட்டு மறந்துவிட்டால், வில்லனின் முடிவில் திடுக்கிடுவீர்கள். எட்னாவுக்குக் குரல் கொடுத்தவர் இயக்குநர் பேர்ட்! இந்தியில் ‘ஹம் ஹை லாஜவாப்’ என்ற பெயரில் வந்தபோது தந்தைக்கு ஷாருக்கானும், டேஷுக்கு அவருடைய மகன் ஆர்யனும் குரல் கொடுத்தார்கள்.

பெற்றோருக்குச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பெற்றோர் வழிகாட்டல் தேவை என்னும் பி.ஜி. சான்று பெற்ற முதல் பிக்ஸார் படம் இது, காரணமில்லாமல் அன்று. தொடக்கத்தில் ஒருவர் மாடியிலிருந்து குதிக்கிறார். குகையில் ஓர் எலும்புக்கூடு. வில்லனின் காவலர்கள் மோதி வெடித்துச் சாகிறார்கள். கணவர் மீது மனைவி ஐயுறும் பகுதி சிறு பிள்ளைகளுக்குப் புரியாது. சற்று வளர்ந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். உடலோடு ஒட்டிய வீர உடைகள் சில வீடுகளில் பிடிக்காமல் போகலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது வேண்டாம் என்பேன். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களோடு நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். தனியே போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். செய்தித்தாளோடு ஒதுங்கவும் வேண்டாம்.

14 ஆண்டுகள் கழித்து, 2018இல் இரண்டாம் பாகம் வந்தது. முதற்பாகம் முடிந்த நொடியிலேயே கதை தொடங்குகிறது. இம்முறை தாய் வெளியே போய் வீரம் காட்ட, தந்தை வீட்டில் குழந்தையோடும் கணக்குப் பாடத்தோடும் மல்லாடுகிறார். வீட்டுப் பகுதி அருமை. வில்லன் யார் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். முதற்பாகத்தின் உயரத்தை அது எட்டவில்லை என்பதே என் கருத்து.

முதற்பாகத்தின் முடிவில் ஓர் ஓட்டப் பந்தயம் வரும். அதுவரை விளையாட்டில் சேரவே அனுமதிக்கப்படாத டேஷ், களத்தில் நிற்கிறான். பார்வையாளர் வரிசையிலிருந்து குடும்பமே சைகை காட்டுகிறது: ஓடு, மெல்ல, இன்னும் கொஞ்சம், போதும்! அவன் வேண்டுமென்றே இரண்டாவதாக வருகிறான். எல்லாரும் மகிழ்ந்து கைதட்டுகிறார்கள். இக்காட்சி பற்றி என் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. முதலாவதாக வரக்கூடியவன் இரண்டாவதாக வருவது நடிப்பு, அது மற்றப் பிள்ளைகளை ஏமாற்றுவது என்கிறான் மகன். அவனுக்கு வேண்டியது பரிசன்று, எல்லாரோடும் ஓடக் கிடைத்த அனுமதிதான், அது கிடைத்துவிட்டது என்கிறாள் மகள். நான் மகள் பக்கம். அவர்கள் தாயார் மகன் பக்கம். சென்ற மாதமும் படத்தைப் போட்டுப் பார்த்தோம். வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.